சோதித்த பிறகே ஸ்பேனர்: பாகான் டாலாம் மோட்டார் பட்டறை பற்றி ஒரு மதிப்பீடு

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காத மோட்டார் சைக்கிளை ஒரு பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு போனால், அங்கே முதல் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கவனித்தாலே அந்தப் பட்டறையின் தரம் தெரிந்துவிடும். பல இடங்களில் எதையும் விசாரிக்காமல் புதிய பிளக் ஒன்றை எடுத்து மாட்டுவார்கள். அதற்கும் பிடிக்கவில்லையென்றால் பேட்டரி, பிறகு காயில், பிறகு பம்ப் என்று ஒவ்வொரு பொருளாக மாறிக்கொண்டே போகும், பில்லும் ஏறிக்கொண்டே போகும். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தின் பாகான் டாலாமில் உள்ள ஒரு சிறிய பட்டறையில் இந்த வழக்கமே கிடையாது. பழுது இன்னதுதான் என்று மீட்டரிலோ கண்ணுக்கு எதிரிலோ உறுதியாகும் வரை அங்கே எந்தப் பொருளையும் மாற்றுவதில்லை. என் மோட்டாரைச் சரிசெய்த விதத்தையும், அங்கே காத்திருந்தபோது மற்றவர்களின் மோட்டார்களில் நடந்த வேலையைப் பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

பட்டறையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அவரும் ஓர் உதவியாளரும் மட்டுமே வேலை செய்கிறார்கள்; இப்போது வரும் வேலைக்கே நேரம் போதவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அந்த வட்டாரத்தில் மோட்டார் ஓட்டும் தமிழர்கள் யாரை விசாரித்தாலும் வழி சொல்லிவிடுவார்கள். கடை வீட்டின் கீழ்த்தளம்தான் பட்டறை. உள்ளே இரண்டு மூன்று மோட்டார்களை நிறுத்தினால் நடக்க இடமில்லை. பழைய காப்சாய் என்ற சிறிய ரக மோட்டார்கள் முதல், கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் 150 சிசி இன்ஜெக்ஷன் மோட்டார்கள் வரை பார்க்கிறார்கள். பெரிய மோட்டார்களை எடுத்துக்கொள்வதில்லை.

என்னுடையது 150 சிசி இன்ஜெக்ஷன் மோட்டார். பிறை என்ற ஊரில் குடியிருந்து பினாங்குத் தீவின் பாயான் லெபாஸில் மாலை ஷிஃப்ட் வேலை பார்க்கும் எனக்கு, பாலத்தைக் கடக்க அதைவிட்டால் வேறு வசதியான வழியில்லை. அக்டோபர் மழையில் ஒரு நாள் வெளியே நின்றிருந்த மோட்டார் மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் இன்ஜின் வேகமாகச் சுற்றியது, ஆனால் ஒரு முறைகூட வெடித்துப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு அருகில் இருந்த வேறொரு பட்டறையில் பிளக்கையும் பேட்டரியையும் புதிதாக மாற்றினார்கள். அதன் பிறகும் பிடிக்காததால், சாவியைத் திருப்பும்போது பெட்ரோல் பம்பின் சத்தம் கேட்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, இசியு (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி) போய்விட்டது, மாற்ற ஐந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் என்றார்கள். அந்தத் தொகையைக் கேட்டதும் அண்ணன் தன் லாரியில் மோட்டாரை ஏற்றி, பாகான் டாலாமுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

இங்கே மோட்டாரைத் தொடுவதற்கு முன்பே உரிமையாளரின் கேள்விகள் தொடங்கின. ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று நின்றதா, நிறுத்தி வைத்த பிறகு பிடிக்காமல் போனதா? கடைசியாக எப்போது பெட்ரோல் ஊற்றினீர்கள்? மோட்டார் கீழே விழுந்ததா? யாராவது கழற்றிப் பார்த்தார்களா, என்ன மாற்றினார்கள்? கேட்ட ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. இன்ஜெக்ஷன் மோட்டார்கள் பலவற்றில், மோட்டார் சாய்ந்து விழுந்தால் பெட்ரோலையும் பற்றவைப்பையும் நிறுத்திவிடும் ஒரு சென்சார் இருக்கிறது. அப்படி நின்ற மோட்டாரில் சாவியை ஒரு முறை அணைத்துத் திருப்பினாலே போதும் என்ற நிலையில் எத்தனையோ பேர் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஓடும்போது படிப்படியாகத் திணறி நின்றால் பெட்ரோல் வரத்தில் சந்தேகம், சட்டென்று செத்தால் மின்சாரத்தில் சந்தேகம் என்பது அவருடைய முதல் பிரிவினை. அது எப்போதும் சரியாக இருக்காது, ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்பதை அது சொல்லிவிடுகிறது என்றார்.

பிறகு சாவியைத் திருப்பச் சொன்னார். "சத்தம் போடாம கேளுங்கம்மா" என்று தலையை டேங்க் அருகே வைத்துக்கொண்டார். நல்ல நிலையில் உள்ள இன்ஜெக்ஷன் மோட்டாரில் சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று விநாடிகளுக்குப் பம்ப் மெல்ல இரைந்து, குழாயில் அழுத்தத்தை ஏற்றிவிட்டு நிற்கும். என் மோட்டாரில் ஏதோ முனகியது போல ஒரு சத்தம் வந்து அடங்கியது. அதைவிட முக்கியமான வேறொன்றை அவர் கவனித்தார். வேகம் காட்டும் மீட்டர் பலகையில் உள்ள இன்ஜின் விளக்கு எரிந்து, சிறிது நேரத்தில் தானாக அணைந்தது. இசியு விழித்துக்கொண்டு தன்னைத் தானே சோதித்துக்கொள்வதற்கான அடையாளம் அது.

அடுத்து பிளக்கைக் கழற்றினார். முந்தைய பட்டறையில் போட்ட புது பிளக் அது. அவ்வளவு நேரம் ஸ்டார்ட்டரைச் சுற்றியும் துடைத்து வைத்தது போல உலர்ந்து இருந்தது, பெட்ரோல் வாடையே இல்லை. கழற்றிய பிளக்கை அப்படியே இன்ஜின் மேல் வைத்துப் பொறி பார்ப்பதை அவர் விரும்புவதில்லை. பிளக் துளையிலிருந்து வெளியேறும் பெட்ரோல் ஆவி தீப்பற்றலாம். எர்த் சரியாகப் படாவிட்டால் காயிலும் பற்றவைப்புச் சாதனமும் கெட்டுப்போகலாம். அதற்குப் பதிலாக, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு சிறிய பிளக் டெஸ்டரைக் கேபிளில் மாட்டி, அதன் கிளிப்பை இன்ஜினின் வெறும் உலோகத்தில் கடிக்கவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினார். பிளக் துளையை ஒரு துணியால் மூடியிருந்தார். கண்ணாடிக் குழாய்க்குள் நீல நிறத்தில் பொறி படபடவென்று பாய்ந்தது. மஞ்சளாக, மெலிதாக வரும் பொறி திறந்த காற்றில் தெரிந்தாலும், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அணைந்துவிடும் என்றும், நீலமாகச் சத்தத்துடன் வருவதையே நம்ப வேண்டும் என்றும் என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

இசியு பற்றிய பேச்சு இங்கேயே முடிந்தது. இந்த வகை மோட்டாரில் பொறியைக் கொடுப்பதும் இசியுதான், பம்பை ஓட்டுவதும் இசியுதான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது சரியான நேரத்தில் பொறி வருகிறதென்றால், இசியுவுக்கு மின்சாரம் கிடைக்கிறது, இன்ஜின் சுற்றுவதை அது உணர்கிறது, கட்டளையும் கொடுக்கிறது என்றுதான் பொருள். பொறி இருக்கிறது, பிளக் உலர்ந்திருக்கிறது. ஆகவே பெட்ரோல் வரவில்லை. இதற்கு எந்த நவீனக் கருவியும் தேவைப்படவில்லை. முந்தைய பட்டறையில் அந்தப் பிளக்கை ஒரு முறை கழற்றிப் பார்த்திருந்தால் இசியுவுக்கு விலை சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் ஆழ்ந்து பார்த்தது இதற்கு அடுத்த கட்டத்தைத்தான். முதலில் பேட்டரியில் வோல்ட்டேஜ் அளக்கும் மீட்டரை வைத்தார்: சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10.8. இது 10க்குக் கீழே இறங்கினால் ஸ்டார்ட்டர் எப்படியோ சுற்றினாலும் இசியுவும் பம்பும் ஒத்துழைக்காமல் போகக்கூடும்; என்னுடையதில் அந்தச் சிக்கல் இல்லை. பிறகு டேங்குக்குக் கீழே பம்பின் கனெக்டரைப் பிரித்து, அதன் இரண்டு முனைகளுக்கும் இடையே அளந்தார். பேட்டரியில் உள்ள வோல்ட்டேஜ் அப்படியே வந்தது. உதவியாளர், "அப்போ பம்புதான் போச்சு, அண்ணே" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. "இரு, இன்னும் சுமையே ஏத்தல" என்று சொல்லிவிட்டு, கனெக்டரை மறுபடி மாட்டி, வயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசியைச் செருகி, பம்ப் ஓட முயலும் அந்த இரண்டு விநாடிக்குள் மீண்டும் அளந்தார். இப்போது பம்பின் இரு முனைகளுக்கும் இடையே 5 வோல்ட்தான் இருந்தது. பாசிட்டிவ் பக்கத்தில் குறையில்லை. பம்பின் எர்த் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே மீட்டர் 7 வோல்ட்டைக் காட்டியது. அங்கே பூஜ்யத்தை ஒட்டிய அளவுதான் இருக்க வேண்டும்.

ஒரு வயரில் நூலிழை அளவு தொடர்பு மட்டும் மிச்சமிருந்தாலும், மின்சாரம் ஓடாதபோது மீட்டர் முழு வோல்ட்டேஜைக் காட்டிவிடும். மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அவ்வளவு சொற்பம். பம்ப் போன்ற ஒரு சாதனம் ஆம்பியர் கணக்கில் இழுக்கும்போதுதான் அந்த இடத்தின் தடை வெளிப்படும். சுமையோடு அளக்கும் இந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டுவிடும் பட்டறைகளில் நல்ல பம்ப் குப்பைக்குப் போகிறது. புதுப் பம்பும் ஓடாதபோது அடுத்ததாக இசியுவின் மேல் பழி விழுகிறது.

எர்த் வயரைப் பின்தொடர்ந்து போனதில், சீட்டுக்குக் கீழே பக்கவாட்டு மூடிக்கு உள்ளே, பல எர்த் வயர்கள் ஒன்றுசேரும் ஒரு சிறிய கனெக்டர் இருந்தது. அதைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். வரிசையாக இருந்த பித்தளை முனைகளில் ஒன்று மட்டும் பச்சைத் தூள் பூத்து, விளிம்பில் கறுத்து, அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் சூட்டில் இளகி மஞ்சளாகியிருந்தது. அருகில் இருந்த முனைகள் பளபளப்பாகவே இருந்தன. மழைநீர் அந்த மூடியின் இடுக்கு வழியாகச் சொட்டும் தடமும் தெரிந்தது. கெட்டுப்போன முனையை வெட்டி எடுத்து, புதியதை வயரோடு நெரித்துப் பொருத்தி (கிரிம்ப் செய்து), மற்ற முனைகளைச் சுத்தம் செய்து, நீர் புகாத கிரீஸ் தடவி, கனெக்டரின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டினார். மறுபடி அளந்தபோது எர்த் பக்கத்தில் 0.1 வோல்ட். பம்ப் முழுக் குரலில் இரைந்தது. பட்டனைத் தொட்டதும் இன்ஜின் பிடித்தது.

சோதனைக்கு 30 ரிங்கிட், வயர் வேலைக்கு 20 ரிங்கிட் என்று எழுதி, கழற்றிய முனையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். பழுது கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் சோதனைக் கட்டணம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. சோதனைக்குப் பணம் வாங்காத பட்டறை, பொருளை விற்றுத்தான் அந்த நேரத்துக்கான கூலியை எடுத்தாக வேண்டும். பினாங்கில் அதற்கு வசதியும் அதிகம். தொழிலதிபர் லோ பூன் சியூ ஹோண்டா மோட்டார்களை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கிய காலம் முதல் இது மோட்டார்களின் மாநிலம். பூன் சியூ ஹோண்டாவின் ஆலையும் இங்கே பத்து காவான் என்ற இடத்தில்தான் இருக்கிறது. எந்தப் பொருள் வேண்டுமானாலும் உடனே கிடைக்கிற ஊரில், யோசிப்பதைவிட மாற்றிப் பார்ப்பது மெக்கானிக்குக்குச் சுலபமாகிவிடுகிறது. மூளைக்கும் நேரத்திற்கும் கொடுக்கும் 30 ரிங்கிட்டை நான் மனமுவந்து கொடுக்கிறேன்.

கார்புரேட்டர் மோட்டார்களிலும் அதே ஒழுங்கு இருக்கிறது. நான் காத்திருந்தபோது ஒரு பெரியவர் பழைய 100 சிசி காப்சாயைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் பிளக் உலர்ந்திருக்கவில்லை, ஈரமாக இருந்தது. பொறியும் நன்றாக வந்தது. பெட்ரோலும் பொறியும் இருந்தும் பிடிக்கவில்லை என்றால், வருவது பெட்ரோல்தானா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, கார்புரேட்டரின் கிண்ணத்தில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, ஒளி ஊடுருவும் ஒரு சிறு போத்தலில் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது, மேலே இளமஞ்சளாகப் பெட்ரோலும் அதன் அடியில் நிறமில்லாமல் தண்ணீரும் தெளிவான கோடு போட்டுப் பிரிந்து நின்றன. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. டேங்கின் அடியிலும் கிண்ணத்தின் அடியிலும்தான் போய்த் தங்கும், பெட்ரோலை இன்ஜினுக்கு அளந்து விடும் சிறு துளையான ஜெட்டும் அந்த அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்ததைக் காட்டி, "ஐயா, இத மாத்தாம கார்புரேட்டர மட்டும் கழுவினா, அடுத்த மழைக்கு மறுபடி வருவீங்க" என்றார். டேங்க்கை முழுவதும் வடித்து, கிண்ணத்தையும் ஜெட்டுகளையும் சுத்தம் செய்து, வாஷரை மாற்றி அனுப்பினார்.

சிலிண்டரின் அழுத்தச் சோதனையைப் பற்றியும் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் வேறு இடங்களில் நான் அதைப் பார்த்ததே இல்லை. பொறியும் நல்ல பெட்ரோலும் இருந்தும் மோட்டார் பிடிக்காதபோது, பிளக் துளையில் கேஜ் மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகிச் சுற்றிப் பார்க்கிறார். அளவு குறைவாக இருந்தால் சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி பார்க்கிறார். எண்ணெய் விட்டதும் அளவு ஏறினால் கசிவு பிஸ்டன் ரிங்கில்; ஏறாவிட்டால் வால்வில். ஆனால் இன்ஜினைத் திறப்பதற்கு முன் வால்வின் இடைவெளியைத் தகட்டால் அளந்துவிடுகிறார். ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற மோட்டாரில் இந்த இடைவெளி 0.05 மில்லிமீட்டர்தான், நாளடைவில் அது இறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் கசியும், காலையில் குளிர்ந்த இன்ஜின் பிடிக்கவே பிடிக்காது. ஒரு ஸ்பேனரும் தகடும் கொண்டு அரை மணி நேரத்தில் தீரும் பழுது, அவசரப்படும் இடங்களில் முழு இன்ஜின் வேலையாக மாறிவிடுகிறது.

பெண்கள் தனியாகச் செல்லலாமா என்று என் தோழிகள் கேட்கிறார்கள். தாராளமாகச் செல்லலாம். அண்ணன் என்னுடன் வந்திருந்தும், மோட்டார் யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, உரிமையாளர் ஒவ்வொரு முடிவையும் என்னிடமே விளக்கினார், என்னிடமே ஒப்புதல் கேட்டார். மீட்டரின் எண்களை நானே படித்துச் சொல்லும்படி செய்தார். பட்டறைகளில் இந்த மரியாதை எவ்வளவு அரிது என்பது மோட்டார் ஓட்டும் பெண்களுக்குத் தெரியும்.

குறைகள் இருக்கின்றன. முதலாவது, காத்திருப்பு. முறையாகச் சோதிப்பதற்கு நேரமாகும். முன்னால் இரண்டு மோட்டார்கள் நின்றால் உங்களுடையது மறுநாளைக்குத் தள்ளிப்போகும். வேலைக்குப் போயாக வேண்டியவர்களுக்கு இது உண்மையான சிரமம், மாற்று மோட்டார் கொடுக்கும் வசதியும் இல்லை. இரண்டாவது, கணினியுடன் இணைக்கும் ஸ்கேனர் எல்லா மோட்டார்களுக்கும் அவரிடம் இல்லை. ஹோண்டாவின் இன்ஜெக்ஷன் மோட்டார்களில் இன்ஜின் விளக்கின் சிமிட்டல்களையே எண்ணிப் படித்துவிடுகிறார். நீண்ட சிமிட்டல் பத்து, குறுகியது ஒன்று என்ற கணக்கில், ஒரு நீண்டதும் இரண்டு குறுகியதுமாக வந்தால் 12, அது இன்ஜெக்டரைக் குறிக்கும். சாவியில் மின்னணுப் பூட்டு உள்ள புதிய மோட்டார்களில் பழுது அந்தப் பூட்டில் இருந்தால், அதிகாரபூர்வ சேவை மையத்துக்கே போகச் சொல்லிவிடுகிறார். தமக்கு வசதி இல்லாத வேலையை எடுத்துக்கொண்டு இழுத்தடிப்பதில்லை என்பதால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது, தொலைபேசியை எடுப்பதே இல்லை. வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள நேரில்தான் போக வேண்டியிருக்கிறது; இதை அவர் திருத்திக்கொள்ள வேண்டும்.

போவதாக இருந்தால், புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். ஹேண்டிலில் இன்ஜினை நிறுத்தும் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால், அது சரியான பக்கத்தில் இருக்கிறதா? பழைய காப்சாயில் பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா? டேங்கில் உண்மையாகவே பெட்ரோல் இருக்கிறதா, அல்லது மீட்டரை நம்பிக்கொண்டிருக்கிறீர்களா? டேங்க் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் பிடிக்கிறதா? பிடித்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இவை எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால், பேட்டரி தீரும் வரை பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் போதும். இடையே ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடுங்கள். தள்ளிக்கொண்டு போகும்போது இதுவரை யார் யார் என்னென்ன மாற்றினார்கள் என்பதை ரசீதுடன் கொண்டு போங்கள், அவர் தவறாமல் கேட்பது அது. காலை ஒன்பது மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அன்றே வேலை முடிய வாய்ப்பு உண்டு. ஞாயிறு விடுமுறை, தைப்பூசத்தை ஒட்டிய நாள்களிலும் பட்டறை திறப்பதில்லை.